இரண்டாம் கொடை

சேலம், நாமக்கல் சமவெளியில் தறியோசை கேட்கும் ஊர்கள் பல. எடப்பாடியிலும் தாரமங்கலத்திலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் பாவு பிணைத்தல் என்றொரு வேலை உண்டு. தறியில் ஓடும் பாவு தீரப்போகும் தறுவாயில், அதன் கடைசி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து விரலால் பிணைப்பார்கள். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பொறுமையும் கண்கூர்மையும் வேண்டிய வேலை அது. நெய்து முடித்த சேலையைக் கையிலெடுத்துப் பார்க்கிறவர்கள் நிறத்தைப் புகழ்வார்கள், கரையைப் புகழ்வார்கள். பிணைத்த விரல்களை எவரும் நினைப்பதில்லை.

மனித வாழ்விலும் இத்தகைய பிணைப்பு இடைவிடாது நடக்கிறது. ஒரு தலைமுறை தான் கற்றதை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகிறது. விளையாட்டுத் திடலில் இது மற்றெங்கும் காண்பதைவிடத் தெளிவாகத் தெரிகிறது; ஏனெனில் அங்கே உடல் விரைவில் முதுமை எய்துகிறது. பிறருக்கு 60 வயதில் வரும் ஓய்வு, விளையாட்டு வீரருக்கு 35 வயதளவிலேயே வந்துவிடுகிறது. கால் தளர்ந்தபின் அவர்களுள் பலர் பயிற்றுநர்களாகின்றனர். நேற்றுவரை கைதட்டலைப் பெற்றவர், இன்று கைதட்டுகிறவராகத் திடலின் ஓரத்தில் நிற்கிறார். இதை உயர்வு என்பதா, இறக்கம் என்பதா? பெற்றதற்குச் செலுத்தும் கடன் என்பதா, மனமுவந்து தரும் கொடை என்பதா? நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்ததை முன்வைத்து இக்கேள்வியைச் சிந்திப்போம்.

சின்னப்பம்பட்டியில் நடந்தது

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசனின் பெயரை இன்று அறியாதார் இலர். தந்தை தங்கராசு தறிக்கூலித் தொழிலாளி. தாய் சாந்தா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தியவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவரான நடராசன், இருபது வயதளவு வரையில் டென்னிஸ் பந்தில் ஊர்க் கிரிக்கெட் ஆடியவர். போட்டிகளில் பயன்படும் தோல் பந்து அவர் கைக்கு வந்ததே தாமதம்.

அந்த இளைஞரின் இடக்கையில் இருந்த ஆற்றலைக் கண்டுகொண்டவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். அவரும் கிரிக்கெட் ஆடியவர்தாம். ஆனால் அவர் ஆட்டத்தை உலகம் பார்க்கவில்லை. தமக்குக் கிடைக்காத மேடை இந்தப் பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, சங்கப் போட்டிகளில் ஆட வழி செய்தார். பின்னாளில் நடராசன் தம் வழிகாட்டியின் பெயர் முதலெழுத்துகளைத் தம் கையில் பச்சை குத்திக்கொண்டார். பந்தை வீசிய கை, தன்னை உருவாக்கியவரின் பெயரைச் சுமந்தது.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக ஆஸ்திரேலியா சென்றவர் நடராசன். மற்றவர்கள் காயமுற்று விலக, அவருக்கு இடம் கிடைத்தது. டிசம்பர் 2-ஆம் நாள் கான்பெராவில் ஒருநாள் போட்டி. இரண்டு நாள் கழித்து அங்கேயே இருபது ஓவர் போட்டி. 2021 சனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் போட்டி. ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் முதன்முதலாக ஆடிய இந்தியர் என்ற பெயர் அவருக்கு வந்தது. இந்தியாவின் 300-ஆவது டெஸ்ட் வீரர் அவரே. அந்தப் போட்டியின் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டங்கள் கொடுத்து 3 விக்கெட்டுகளை எடுத்தார். இந்தியா அதில் வென்றது, தொடரையும் வென்றது. அப்போது பிறந்திருந்த தம் முதல் குழந்தையை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பயணத்தில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. இருபது ஓவர் தொடரின் சிறந்த வீரர் விருது ஹர்திக் பாண்டியாவுக்குக் கிடைத்தது. அவர் அக்கோப்பையை நடராசனின் கையில் கொடுத்துவிட்டார். தம்மைவிட அதற்குத் தகுதியானவர் அருகில் நிற்பதைக் கண்டு, கிடைத்ததைக் கை மாற்றிவிடும் உள்ளம் எளிதில் வாய்ப்பதன்று.

ஆனால் நம் சிந்தனைக்குரிய நிகழ்ச்சி இவையெல்லாவற்றிற்கும் முற்பட்டது. 2017-இல் பஞ்சாப் அணி நடராசனை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அதே ஆண்டில் அவரும் ஜெயப்பிரகாஷும் சேர்ந்து சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் பயிற்சிப் பள்ளி தொடங்கினர். ஊர்ப்புறப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பயிற்சி. இந்திய அணியின் சட்டையை அணிவதற்கு மூன்றாண்டுகள் முன்பே, தம் எதிர்காலம் என்னவென்று தமக்கே தெரியாத நிலையில், அவர் பிறர் எதிர்காலத்திற்கு அடிக்கல் நாட்டினார். 2023 சூன் மாதம் அதே ஊரில் ஆடுகளங்களும் உடற்பயிற்சிக் கூடமும் பார்வையாளர் இருக்கைகளும் கொண்ட மைதானம் திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். அந்தப் பயிற்சியின் வழியே வந்த பெரியசாமி, 2019-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிரிமியர் லீக் இறுதிப் போட்டியில் 15 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் எடுத்துத் தம் அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

ஓய்வு பெற்றபின் பொழுதுபோகாமல் ஆசானாகிறவர்கள் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆசானாக முனைவது வேறு. முன்னது மிச்சத்திலிருந்து கொடுப்பது; பின்னது உள்ளதிலிருந்து கொடுப்பது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணைச் சுட்டிக்காட்டி ஆண்டவர் நமக்கு விளக்கியதும் இவ்வேறுபாட்டைத்தானே?

கையைத் திருத்தியவர்கள்

நடராசனின் வாழ்வில் பலர் மறந்துவிட்ட ஓர் ஆண்டு இருக்கிறது. 2015 சனவரியில் தமிழ்நாட்டிற்காக ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக ஆடினார். உடனே அவருடைய பந்துவீச்சு முறை விதிக்குப் புறம்பானது என்ற ஐயம் எழுந்தது. ஊரும் உறவும் எதிர்பார்த்திருந்த வேளையில் கதவு அடைபட்டது. பழகிய கையை மறந்து வேறொரு கையைக் கற்க வேண்டிய நிலை.

அப்போது அவருக்குத் துணை நின்றவர்கள் சுனில் சுப்பிரமணியம், எம். வெங்கடரமணா, டி. வாசு ஆகியோர். மூவரும் தமிழ்நாட்டு அணியில் ஆடிப் பின் பயிற்றுநர்களானவர்கள். சுனில் சுப்பிரமணியம் இந்தியாவிற்காக ஒரு போட்டியிலும் ஆடியதில்லை. எனினும் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அஸ்வினை வளர்த்தவர்களுள் அவரும் ஒருவர். வெங்கடரமணா ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1989-இல் மேற்கிந்தியத் தீவுகளில். தங்களுக்கு நிறைவேறாத கனவுகளைக் கசப்பாக மாற்றிக்கொள்ள இவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. 'எங்களுக்குக் கிடைக்காதது இவனுக்கு எதற்கு?' என்று எண்ணியிருக்கலாம். மாறாக, அந்த இளைஞரின் தோளையும் முழங்கையையும் நாள்தோறும் பார்த்துத் திருத்திக்கொடுத்தார்கள். 2016-இல் அவர் மீண்டும் திடலுக்கு வந்தார்.

இவ்விடத்தில் நம் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1985 முதல் இந்திய அரசு சிறந்த பயிற்றுநர்களுக்குத் துரோணாச்சாரியர் பெயரால் விருது வழங்கி வருகிறது. அந்தத் துரோணரே ஏகலைவனிடம் கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்டவர். தாம் வாக்களித்த மாணவனுக்கு மேலே இன்னொருவன் உயரக்கூடாது என்று சீடனின் கையை ஊனமாக்கியவர். ஆசான்கள் இருவகை. கையைக் கேட்கிறவர்கள் ஒரு வகை. கையைத் திருத்திக் கொடுக்கிறவர்கள் மறுவகை. விருதின் பெயர் எதுவாயினும் நாம் போற்ற வேண்டியது இரண்டாம் வகையினரையே.

திறமையே போதுமெனில், சிறந்த வீரரெல்லாரும் சிறந்த பயிற்றுநர்களாகியிருக்க வேண்டும். அப்படி நிகழ்வதில்லை. நம் ஈழத்துச் சகோதரர் பலர் குடியேறி வாழும் கனடா நாட்டின் பெருவிளையாட்டு, பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் ஹாக்கி. அதில் ஈடிணையற்ற முன்கள வீரராக விளங்கியவர் வேய்ன் கிரெட்ஸ்கி. 1999-இல் ஓய்வு பெற்றபோது வட அமெரிக்கத் தேசிய லீக்கில் அவர் 894 கோல்கள் அடித்திருந்தார். அவர் அணிந்த 99 என்ற எண்ணை இனி எவரும் அணியலாகாது என்று அந்த லீக் முழுவதுமே அதை ஒதுக்கி வைத்தது. அத்தகையவர் 2005 முதல் 2009 வரை பீனிக்ஸ் நகர அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். நான்கு பருவங்களில் ஒருமுறையேனும் அந்த அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை. அதே விளையாட்டில், இளவயதிலேயே தலையில் காயமுற்று ஆட்டத்தைத் துறக்க நேர்ந்த ஸ்காட்டி போமன், பயிற்றுநராக ஒன்பது முறை ஸ்டான்லி கோப்பையை வென்றார்.

கிரெட்ஸ்கியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அணியின் வலுவும் நிருவாகத்தின் போக்கும் முடிவுகளைத் தீர்மானிப்பவை என்பதை நாம் அறிவோம். ஆனால் ஓர் உண்மை இங்கே புலப்படுகிறது. ஆடும் கலை வேறு. ஆட வைக்கும் கலை வேறு. இயல்பாகவே எல்லாம் கைவரப் பெற்றவருக்கு, மற்றவன் ஏன் தடுமாறுகிறான் என்பது புரியாமற்போகலாம். தடுமாறி எழுந்தவருக்கு அது புரியும். நம் தோல்விகள் பிறருக்குப் பயன்படும் இடம் ஒன்று உண்டு என்றால், அது கற்பிக்கும் இடமே. கடவுளின் கணக்கில் வீணாகப் போவது எதுவுமில்லை என்று நாம் நம்புகிறோமே, அந்நம்பிக்கைக்கு இங்கே ஒரு சான்று கிடைக்கிறது.

யார் கடனாளி?

இனி, எளிதில் ஒதுக்க முடியாத ஒரு கேள்வி. ஏழைப் பிள்ளை ஒருவர் முன்னேறியவுடன், 'ஊருக்கு என்ன செய்தாய்?' என்று எல்லாரும் கேட்கிறோம். செல்வர் வீட்டுப் பிள்ளை முன்னேறினால் அக்கேள்வி எழுவதில்லை. அவருக்கு ஊர் ஒன்றும் கொடுக்கவில்லை, எல்லாம் அவர் வீட்டுப் பணம் என்று எண்ணிக்கொள்கிறோம். கூலித் தொழிலாளியின் மகன் உடன்பிறந்தோரைப் படிக்கவைக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், பெற்றோரைக் காக்க வேண்டும். அதற்கும் மேலே ஊரையும் காக்க வேண்டும். விளையாட்டு வீரரின் வருவாயோ சில ஆண்டுகளுக்கு மட்டும் உரியது. 2021 ஏப்ரலில் நடராசனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்திரேலியாவின் வெற்றி முழக்கம் அடங்கி மூன்று மாதங்கள்தாம் கடந்திருந்தன. அந்த ஒரு டெஸ்ட் போட்டிக்குப்பின் இன்னொரு டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை. உடலை மூலதனமாகக் கொண்டவரிடம் கொடைக் கணக்குக் கேட்பது நீதியா?

நீதியன்று என்றே நாம் கருதுகிறோம். கட்டாயப்படுத்திப் பெறுவது வரி. அதற்குக் கொடை என்று பெயரில்லை. நடராசன் பயிற்சிப் பள்ளி தொடங்காமலே இருந்திருந்தாலும் அவரைக் குறைகூற நமக்கு உரிமை இருந்திராது. அவர் தொடங்கியதன் அழகே, யாரும் கேட்காமல் தொடங்கியதில் இருக்கிறது.

பின் எதுதான் அவரைத் தூண்டியது? ஜெயப்பிரகாஷ் செய்த உதவியை அவருக்கே திருப்பித் தர வழியில்லை. பணம் தரலாம், ஆனால் ஒருவனை நம்பிக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அந்தச் செயலுக்குப் பணம் ஈடாகாது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நாம் படும் கடன்கள் யாவும் இத்தகையனவே. கொடுத்தவரிடம் திருப்பிச் செலுத்த முடியாது. அடுத்து வருகிறவரிடமே செலுத்தியாக வேண்டும். தாய்க்குப் பட்ட கடனை மகளுக்குப் பாலூட்டித்தானே ஒருத்தி தீர்க்கிறாள்? இறைவனிடம் பெற்றதையும் அயலாரிடம் செலுத்தச் சொல்லித்தானே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது?

அப்படியானால் இக்கேள்வி திரும்பி நம்மையே நோக்குகிறது. தாலந்து உவமையில் மிகுதியாகப் பெற்றவன் ஐந்து தாலந்து வாங்கியவன். படிப்பும் பழக்கமும் பரிந்துரையும் பிறந்த வீட்டிலேயே கிடைத்த நம்மில் பலர் அந்த ஐந்து தாலந்துக்காரர்கள். கிடைத்தது கிடைத்ததாகவே நமக்குத் தோன்றுவதில்லை. அவ்வளவு இயல்பாக அது வந்து சேர்ந்தது. தறித் தொழிலாளியின் மகனிடம் ஊர்க்கடனைக் கணக்கிடும் நாம், நம் கடனேட்டை எப்போதாவது திறந்து பார்த்ததுண்டா?

முளைக்காத விதைகள்

இன்னுமோர் ஐயம். ஒரு நடராசனைப் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் கையில் பந்தெடுக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாநில அணியைக்கூட எட்டப்போவதில்லை. நகையை அடகு வைத்து மட்டையும் காலணியும் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை நாம் காண்கிறோம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சிறுவர்களையும் காண்கிறோம். கனவை விதைக்கிறவர், முளைக்காத விதைகளுக்கும் பொறுப்பாளி அல்லரா?

விளையாட்டைப் பற்றி 2018-இல் வத்திக்கான் ஓர் ஏட்டை வெளியிட்டது. ஆடுகிறவர் மனிதர் என்பதை வெற்றியின் பொருட்டு மறந்துவிடலாகாது என்பதும், சிறுவர்களைப் பெரியவர்களின் ஆசைக்குக் கருவியாக்கலாகாது என்பதும் அதன் அக்கறைகளுள் அடங்கும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பயிற்றுநரின் உண்மையான சோதனை வென்ற மாணவனிடத்தில் இல்லை. தேர்வாகாத மாணவன் அவரிடமிருந்து எப்படிப் போகிறான் என்பதில் இருக்கிறது. பயனற்றவன் என்ற முத்திரையோடு போகிறானா? உடலுறுதியும் நேரம் தவறாமையும் தோல்வியைத் தாங்கும் நெஞ்சும் பெற்ற மனிதனாகப் போகிறானா? 'உனக்கு இது இயலாது, வேறு வழி தேடு' என்று உரிய காலத்தில் அன்போடு சொல்லும் துணிவும் ஆசானுக்குரிய அறமே.

திருத்தூதர் பணிகள் நூலில் இதற்கொரு மாதிரி உண்டு. மனம் மாறிய சவுலை எருசலேமில் எவரும் நம்பவில்லை. அவருக்காகப் பரிந்து பேசியவர் பர்னபா. பின்னர்த் தர்சு நகருக்கே தேடிச் சென்று அவரை அந்தியோக்கியாவிற்கு அழைத்து வந்தவரும் அவரே. தொடக்கத்தில் அந்நூல் பர்னபாவின் பெயரை முதலிலும் சவுலின் பெயரை அடுத்தும் குறிக்கிறது. சில அதிகாரங்கள் கழிந்ததும் பல இடங்களில் வரிசை மாறிவிடுகிறது. பவுல் முன்னே, பர்னபா பின்னே. இம்மாற்றத்தைக் குறித்துப் பர்னபா வருந்தியதாக ஒரு சொல்லும் இல்லை. தாம் அழைத்து வந்தவர் தம்மைவிடப் பெரியவரானார். அதைப் பார்த்துக்கொண்டே அவர் உடன் நடந்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. இளைஞர் மாற்கு என்னும் யோவான் முதல் பயணத்தில் பாதியிலேயே திரும்பிவிட்டவர். மறுமுறை அவரை அழைத்துச் செல்லப் பவுல் இசையவில்லை. பர்னபாவோ அந்தத் தோற்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டு தனிவழி சென்றார். அதே மாற்கு தமக்குப் பயன்படுகிறவர் என்று பவுலே பின்னாளில் எழுத நேர்ந்தது. நற்செய்தியாளர் மாற்கு அவரே என்பது திருச்சபை மரபு. வென்றவனை வளர்த்தவரும் பர்னபா. தோற்றவனைத் தாங்கியவரும் பர்னபா. பயிற்றுநர்களுக்கு ஒரு பாதுகாவலரைத் தேடினால், இவரைவிடப் பொருத்தமானவர் யார்?

நம் பங்குகளில்

இதுவரை திடலைப் பற்றிப் பேசினோம். இனி நம் ஆலய முற்றத்திற்கு வருவோம்.

பாடற்குழுவிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பங்குப் பேரவையிலும் மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் உண்மையாக உழைக்கிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் உழைப்பால்தான் நம் பங்குகள் இயங்குகின்றன. ஆயினும் நமக்குள் ஒரு நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். இருபது ஆண்டுகளாக ஆர்மோனியம் வாசிக்கும் நாம், வேறொருவர் அதைத் தொட்டால் முகம் சுளிக்கிறோம். திருவிழாக் கணக்கை நாம் பார்த்தால்தான் சரியாக இருக்கும் என்கிறோம். முதன்முதலாக வாசகம் வாசிக்க வந்த இளம்பெண் ஒரு சொல்லில் தடுமாறினால், பக்கத்திலிருப்பவரைப் பார்த்துப் புன்னகை செய்கிறோம். 'நாங்கள் இல்லாவிட்டால் யார் செய்வார்கள்?' என்ற கேள்வியில் கவலையைவிடப் பெருமிதமே மிகுதி. உண்மையில், நாம் இல்லாதபோது செய்ய ஆளில்லை என்றால், அது நம் உழைப்பின் சிறப்பைக் காட்டுவதன்று. நாம் யாரையும் உருவாக்கவில்லை என்பதையே காட்டுகிறது.

நொபிலி அடிகளார் 1623-இல் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்ததை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. அவருக்குப்பின் குருக்கள் ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதே அரிதாயிருந்த ஊர்களில், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களின் பெயர்கள் எத்தனை நமக்குத் தெரியும்? அவர்கள் பாவு பிணைத்தவர்கள். இழை அறாமல் நம்வரை வந்து சேர்ந்திருப்பதே அவர்களுடைய கையெழுத்து.

முதற்கொடை ஒருவரிடம் உள்ள திறமையைப் பிறர் காணத் தருவது. அதற்குப் பெயர் கிடைக்கும், மாலை கிடைக்கும். இரண்டாம் கொடை, அத்திறமையை இன்னொருவர் கையில் வைத்துவிட்டு ஒதுங்குவது. அதற்கு மாலை இல்லை. வருகிறவர் வளரவும் தாம் குறையவும் வேண்டுமென்று விரும்பிய திருமுழுக்கு யோவான் இந்த இரண்டாம் கொடையை அறிந்திருந்தார். நெபோ மலையில் நின்று தாம் நுழையாத நாட்டைப் பார்த்த மோசே, யோசுவாவின்மீது கைகளை வைத்தபோது செய்ததும் இதுவே. முதற்கொடையோடு நின்றுவிட்டவர் வெற்றியாளர். இரண்டையும் கொடுத்தவரையே ஆசான் என்று அழைக்கத் தகும்.

முன்பு நாம் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை கூறலாம். பயிற்றுநராவது உயர்வா, இறக்கமா என்று கேட்டோம். உலகின் கண்ணுக்கு அது இறக்கமே. ஒளியிலிருந்து ஓரத்திற்குப் போவதுதானே அது? ஆனால் சீடர்களின் காலடியில் குனிந்து அவர்கள் பாதங்களைக் கழுவியவரை ஆண்டவர் என்று அழைக்கும் நமக்கு, இறங்குவதன் பொருள் வேறு.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, ஆலய முற்றத்தில் நிற்கும் இளையோரை ஒருமுறை பார்ப்போம். நமக்குத் தெரிந்த பாட்டோ, கணக்கோ, தொழிலோ, செபமோ ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொள்ளக் காத்திருக்கும் ஒரு பிள்ளை அங்கே இருக்கக்கூடும். அப்பிள்ளையின் பெயர் என்னவென்று கேட்டு அறிவோம். பிணைப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.